மானிப்பாயில் அடித்த அலை

என் மனைவியைக் கட்டும்போது கடலையும் சேர்த்துத்தான் கட்டுகிறேன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் வடமராட்சிக் கரைக்காரி. அவளுடைய தாய்வீட்டின் பின்கதவைத் திறந்தால் கடல். எங்கள் வீடு மானிப்பாயில். பின்கதவைத் திறந்தால் வெங்காயத் தோட்டம்.

எங்கள் பரம்பரைக்குக் கடலோடு இருந்த ஒரே உறவு சாதாளை. கரையில் ஒதுங்கும் அந்தக் கடற்புல்லை லொறியில் ஏற்றிவந்து தோட்டத்தில் பசளையாகப் புதைப்பார்கள். சின்ன வயதில் அந்தக் குவியலைக் காட்டி, கடல் என்றால் இதுதானா என்று நான் கேட்டேனாம். கலியாணமான பிறகும் என் அறிவு அதற்குமேல் பெரிதாக வளரவில்லை. ஞாயிறு தவறாமல் தாய்வீட்டுக்குப் போவோம். போனதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை கடலுக்குள் இறங்கி நிற்பாள். நான் கரையில் நின்று செருப்பைக் காவல் காப்பேன். எனக்கு அந்தக் கடலோடு பொறாமை இருந்தது. அதைப் பார்க்கும்போது அவள் முகம் மலர்கிற மாதிரி என்னைப் பார்த்து ஒருநாளும் மலர்ந்ததில்லை.

எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் போய்விட்டது. மூன்றாம் முறை வந்தபோது டொக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை வேண்டுமென்றால் பிறக்கும்வரை கட்டிலோடு இருக்க வேண்டும், பஸ், வான், ஓட்டோ ஒன்றிலும் ஏறக்கூடாது. எங்கள் ஒழுங்கைப் பாதைகளின் குன்றும் குழியும் அவருக்கும் தெரிந்திருந்தன.

என் மனைவியைப் பற்றி அவருக்குத் தெரியாது. உட்கார்ந்து சாப்பிடுவதற்கே பொறுமை இல்லாதவள் அவள். அவளைப் பார்த்துக்கொள்ள மாமி தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருந்தார். வந்த அன்றே என்னைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார்.

“தம்பி, உவளைப் படுக்க வைக்கிறது லேசான வேலையில்லை. நீங்கள் கந்தோருக்குப் போன உடனை எழும்பிக் குசினிக்கு வந்திடுவாள். நான் பேசினால் கேக்கமாட்டாள்.”

நான் வேலைக்குப் போனதும் மாமி சொன்னது அப்படியே நடந்தது. யன்னலைச் சாத்துகிறேன், தலையணையைத் தட்டுகிறேன் என்று ஏதாவது ஒரு சாட்டில் எழும்புவாள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், சொந்தமாக வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவன் கைத்தொலைபேசியில் கடலைக் காட்டினான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்திலை சோறு காட்டுறான் என்று போனை என்னிடம் தந்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சருங்கோ, ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரே ஒருக்கா. வானுக்குள்ளை படுத்தபடியே வாறன். கடலைப் பாத்திட்டு உடனை திரும்பி வந்து நீங்கள் சொல்லுறபடி கிடப்பன்.”

“ஏலாதப்பா. டொக்டர் சொன்னதைக் கேட்டனீர்தானே?”

“அப்ப கடலை இஞ்சை கொண்டுவாங்கோ” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனால் அவள் ஒருநாள் நான் இல்லாத நேரம் பார்த்து ஓட்டோவைக் கூப்பிட்டு ஏறிவிடுவாள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அப்படி ஏறினால் மூன்றாவதும் போய்விடும். ஆகவே அந்தச் சொல்லை நான் உத்தியோக உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பவிருந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அறையில் வைத்திருந்த மீன்தொட்டியை யாருக்காவது தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நீளமான கண்ணாடித் தொட்டி. ஓட்டோவில் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பலாலி வீதி வழியே வந்தேன். வீதியில் போனவர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் என் முகம்தான் மீனாகத் தெரிந்திருக்கும். அவள் படுத்தபடியே பார்க்கக்கூடிய இடத்தில், கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே, மர வாங்குப் பலகை ஒன்றின் மேல் அதை வைத்தேன்.

தண்ணீருக்கு எங்கே போவது? குருநகர்க் கரை கிட்ட இருக்கிறது, சைக்கிளில் போய் அள்ளி வருகிறேன் என்றேன். தாயும் மகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது பரவைக்கடல். அலையில்லாத தண்ணியை ஆர் கடலெண்டு சொல்லுவினம்?” என்றார் மாமி. குருநகர்க்காரர் காதில் இது விழுந்திருந்தால் வீடு தேடி வந்து நியாயம் கேட்டிருப்பார்கள். ஆக, அடுத்த ஞாயிறு மச்சான் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கான்களைக் கட்டி வடமராட்சித் தண்ணீரையே கொண்டுவந்தான். வேரும் மண்ணுமாகச் சாதாளை, வலையில் விழுந்த இரண்டு சின்ன வரிமீன்கள், சங்கு ஒன்றுக்குள் குடியிருந்த ஒரு நண்டு எல்லாம் வந்து இறங்கின. சாதாளை உயிரோடு நிமிர்ந்து நிற்பதை எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பார்த்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் சிரித்தாள். எழும்பாமல் கிடந்தாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. அசையாத தண்ணீரில் சாதாளை மேல் பழுப்பாக வழுவழுப்புப் படிந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் ஓயாமல் அசைய வேண்டும், கடலில் அலைதான் அந்த வேலையைச் செய்கிறது என்றான் மச்சான். பட்டணத்தில் வளர்ப்புமீன் கடைக்குப் போனேன். அலை அடிக்க வைக்கிற மெசின் இருக்கிறது, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டேன். மீன்களைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

“நானே செய்யிறன்” என்று வீட்டில் அறிவித்தேன். மாமி வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் நடக்கப் பழகியதும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவதைத்தான். கிணற்றிலிருந்து வரும் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணால் அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். கந்தோருக்குப் போகிறவன் ஆனாலும் இன்றைக்கும் மண்வெட்டியோடு நின்றால் ஒரு பாத்தியும் என்னிடம் காயாது. ஆகவே சின்ன நீர்மோட்டர் ஒன்றை வாங்கித் தொட்டியின் ஒரு மூலையில் வைத்தேன். தண்ணீர் எல்லா மூலைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரக் கற்களை வரிசையாக அடுக்கி வழி விட்டேன். ஒரு மூலை விடாமல் பாய்ந்தது. வேலை முடிந்து நிமிர்ந்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அவள் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தாள். சாதாளை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து படுத்துக் கிடந்தது. மீன்கள் இரண்டும் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தண்ணீர் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கப் பாடுபட்டன. நண்டு சங்குக்குள் போய் வெளியே வரவே இல்லை.

“என்ன உது?” என்றாள்.

“கடல்.”

“உது வாய்க்கால். தண்ணி ஒரு பக்கமாப் போய்க்கொண்டே இருக்கு. திரும்பி வாறேல்லை. கடலெண்டால் போனது திரும்பி வரவேணும்.”

கிடைத்த சந்தர்ப்பத்தை மாமி விடுவாரா? “வெங்காயத்தையும் நட்டுவிடுங்கோ தம்பி, நல்லா விளையும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. மோட்டரைக் கழற்றிக் கற்களை அள்ளி வாளிக்குள் போட்ட சத்தத்திலேயே எவ்வளவு கோபம் என்று அவர்களுக்கு விளங்கியிருக்கும். ஆனால் அவள் சொன்னது சரி என்பதும் எனக்கு விளங்கியது. போன தண்ணீர் திரும்பி வந்தால் தோட்டக்காரனுக்கு நட்டம். அது ஒருநாளும் திரும்பி வரக்கூடாது என்பதுதானே எங்கள் பாடம்.

அன்று பின்னேரம் சோர்ந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெக்கை. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மேசை விசிறி தலையைத் திருப்பித் திருப்பிச் சுழன்றுகொண்டிருந்தது. அது என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி மாமியைப் பார்த்தது. திரும்பவும் வந்து என்னைப் பார்த்தது. நான் துள்ளி எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“ஐயோ, என்ன நடந்தது?” என்றாள் அவள்.

“போனது திரும்பி வருது!” என்றேன்.

விசிறியை ஸ்டூலோடு தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்து, வயர் விடுகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு எடுத்தேன். அதன் நுனியில் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியைத் துடுப்புப் போலப் பொருத்தினேன். குழாயின் மறுமுனையை விசிறியின் தலையோடு இறுக்கிக் கட்டினேன். விசிறி தலையைத் திருப்பினால் துடுப்பும் தண்ணீருக்குள் அந்தப் பக்கம் போகும், அது திரும்பினால் இதுவும் திரும்பும். விசிறி தொட்டிக்குள் விழுந்தால் எல்லோர் கதையும் முடிந்துவிடும் என்பதால் அதை ஸ்டூலோடும் ஸ்டூலை யன்னல் கம்பியோடும் சேர்த்துக் கட்டிவிட்டேன். காற்று வேண்டாமே என்று இதழ்களைக் கழற்றி வைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடியது. பிறகு குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது. “பிள்ளை, என்ன கருகுது?”

“கடல்தான், அம்மா” என்றாள் அவள்.

இதழ் அடிக்கும் காற்றில்தான் விசிறியின் மோட்டரே சூடு ஆறுகிறது என்று அன்று படித்தேன். இதழ்களைத் திரும்பப் பூட்டினேன். அது நல்லதாகவும் போயிற்று. தொட்டித் தண்ணீருக்கும் குளிர்ச்சி, கட்டிலில் கிடந்தவளுக்கும் காற்று. ஆனால் அவசரத்தில் நான் அமத்தியது மூன்றாம் இலக்கப் பொத்தான். தலை வெடுக்கென்று திரும்பியது. என்ன கருகியது என்று பார்க்கத் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்ற மாமியின் நெஞ்சில் ஒரு அலை அறைந்தது.

“பிறந்த நாளிலை இருந்து கடற்கரையிலை இருக்கிறன். இப்பிடி ஒரு அலை எனக்கு அடிச்சதில்லை” என்றார் மாமி, சேலையைப் பிழிந்தபடி. என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பும் கூடாதா என்று டொக்டரிடம் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று நான் பதறினேன்.

முதலாம் இலக்கத்தில் விட்டபோது துடுப்பு நிதானமாகப் போய் வந்தது. சாதாளை ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. மீன்கள் ஒதுங்கிக் கிடந்த மூலையை விட்டு வெளியே வந்தன. அவள் அதிலும் குற்றம் கண்டுபிடித்தாள்.

“போறதும் வாறதும் ஒரே மாதிரி இருக்கு. உண்மையான அலை அப்பிடி இல்லை. வரேக்கை கெதியா வரும். போகேக்கை ஆறுதலாத்தான் போகும்.”

எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி எடுத்தேன். மூடியை இரண்டாக வெட்டி நடுவில் அந்த ரப்பரை வைத்துப் பிணைச்சல் செய்தேன். இப்போது ஒரு பக்கம் போகும்போது மூடி விறைப்பாக நின்று தண்ணீரை வேகமாகத் தள்ளும். திரும்பும்போது மடங்கிக்கொடுத்து மெதுவாக விடும். அவள் துடுப்பைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக் கேட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் விசிறியின் கழுத்து கிறீச் என்றது. அதைத் தொடர்ந்து தண்ணீர் சளக் என்றது.

“இப்ப சரி” என்றாள். கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது. கடலே தெரியாத நான் அவளுக்கு ஒரு அலை செய்து கொடுத்துவிட்டேன் என்பது அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எழும்பவில்லை. பக்கவாட்டில் சரிந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடி கிடப்பாள். எத்தனை மாதம் அப்படிக் கிடந்தாள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. மாமியின் நையாண்டி மட்டும் நிற்கவில்லை. கரண்ட் போகும் நேரமெல்லாம் “கடலுக்கும் கரண்ட் வேணுமோ” என்று கேட்பார். கேட்டுக்கொண்டே குசினிக்குப் போய் அகப்பையை எடுத்துவந்து, கரண்ட் வரும்வரை தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீரைத் துழாவுவார். வரும்போது கெதியாக, போகும்போது ஆறுதலாக.

எனக்கு ஒரே ஒரு குறை. அந்தக் கிறீச். காதுக்குள் ஊசி போடுகிற சத்தம் அது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நின்றுவிடும். எண்ணெய்ப் போத்தலை எடுக்கும்போதெல்லாம் அவள் தடுத்தாள்.

“அதைத் தொடாதேங்கோ. பழகிப் போச்சு. அது கேட்டால்தான் எனக்கு நித்திரை வருது.”

மகள் பிறந்தாள். நல்ல நிறை, நல்ல குரல். ஆஸ்பத்திரி விறாந்தையில் மாமியும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். இதை அவர் பிறகு ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே அறையில், தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடத்தினோம். நித்திரைக்குத் தொந்தரவே தரவில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் அது என் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைப்பேற்றின் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் தாயும் பிள்ளையும் மாமியோடு வடமராட்சிக்குப் போனார்கள். எனக்குக் கந்தோர் இருந்தது, மீன்களும் இருந்தன. அவர்களை அனுப்பிவிட்டு வந்து நான் செய்த முதல் வேலை விசிறியின் கழுத்துக்கு எண்ணெய் விட்டது. ஆகா, என்ன நிம்மதி! அலை சத்தமில்லாமல் போய் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மாமி போன் எடுத்தார். பின்னால் பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம்.

“தம்பி, வந்ததிலை இருந்து குழறுறாள். பால் குடிச்சாலும் குழறுறாள், தூக்கி வைச்சிருந்தாலும் குழறுறாள். கடற்கரைக்குக் கொண்டுபோய்க் காட்டினம், இன்னும் கூடிப் போச்சு. தாய்க்காரி சொல்லுறாள், அந்த ஃபானைக் கொண்டுவரட்டாம்.”

விசிறியை எடுத்தால் மீன்களுக்கு அலை இல்லை. ஆகவே மீன்களையும் நண்டையும் வாளியில் விட்டேன். ஒரு கையில் வாளி, மறுகையில் துடுப்புக் கட்டிய விசிறி. பட்டணம் போய் அடுத்த பஸ்ஸில் ஏறியபோது நடத்துனர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உது என்ன அண்ணை?”

“அலை” என்றேன். அவர் ரிக்கற்றைத் தந்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

வீட்டை நெருங்கும்போதே மகளின் குரல் கேட்டது. கடலின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மச்சான் மீன்களையும் நண்டையும் வாங்கிக்கொண்டுபோய் அவற்றின் தாய்வீட்டில் விட்டான். திரும்பும்போது அதே வாளியில் கடல்தண்ணீர் அள்ளிவந்தான். பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சட்டியை வைத்து அதை ஊற்றினோம். பின்கதவுக்கு வெளியே இந்துசமுத்திரம் கிடக்க, வீட்டுக்குள் நான் சட்டித் தண்ணீரில் அலை அடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

துடுப்பு போனது, வந்தது. சளக் என்றது. மகள் ஒரு கணம் நிறுத்தினாள். காது கொடுத்தாள். பிறகு முன்னிலும் உரத்துக் குழறினாள்.

என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“எண்ணெய் விட்டனீங்களோ?”

“கொஞ்சம்தான்.”

“எத்தினை தரம் சொன்னனான்!”

மச்சான் வள்ளத்துக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கொண்டுவந்தான். விசிறியின் கழுத்தைக் கழற்றி, நான் ஆசையோடு விட்ட எண்ணெய் முழுவதையும் நானே துடைத்தெடுத்தேன். காய விட்டுத் திரும்பப் பூட்டி, முதலாம் இலக்கத்தை அமத்தினேன்.

கிறீச். சளக்.

அழுகை நின்றது. கிறீச், சளக். மகள் இரண்டு பெரிய விம்மல் விம்மினாள். கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கண் செருகியது. நாங்கள் நான்கு பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

“கடலைக் கண்டு குழறின பிள்ளை சட்டித் தண்ணிக்கு நித்திரை கொள்ளுது” என்றார் மாமி, தாழ்ந்த குரலில். “தோட்டக்காரன்ரை பிள்ளைதான்.”

“இல்லையம்மா” என்றாள் என் மனைவி. “வயித்துக்குள்ளை இருந்து கேட்டவள். அவளுக்குக் கடலெண்டால் இதுதான். வெளியிலை கத்துறது ஆரெண்டு அவளுக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அவளுக்கு வரும் அதே முகம். நான் செருப்போடு கரையில் நின்று எத்தனையோ ஞாயிறுகள் பக்கவாட்டில் பார்த்த முகம். இந்த முறை அது நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளை எழும்பிவிடக் கூடாது என்று எழுந்து போய், கடல் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.